ஒத்துப்போகும் மீன்கள்

"ஏஞ்சலையும் கப்பியையும் ஒரே தொட்டியில விடலாமா?" என்று கும்பகோணம் வண்ண மீன் கடையில் கேட்டாள் வேதவல்லி.

"வேணாம்மா. ஏஞ்சல் வளந்தா கப்பிய முழுங்கிடும். கப்பி, மோலி, பிளாட்டின்னா சண்டையில்லாம இருக்கும்."

"அதையே வாங்கலாங்க்கா," என்றாள் அவளுடைய ஓரகத்தி அகிலாண்டம்.

கடைக்காரர் தொட்டியின் பின்பக்கம் ஒட்ட நீலத்தாளை எடுத்தார்.

"தாள் வேணாங்க. ரெண்டு பக்கமும் தெரியணும்," என்றாள் வேதவல்லி.

"செவுத்த ஒட்டித்தானே வைப்பீங்க?"

"செவுத்துக்குள்ள வைக்கப்போறோம். வயல் தகராறுல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வீட்டுக்கு நடுவுல செவுரு எழுப்புறாங்க. மீன் தொட்டிக்குன்னு கெஞ்சி, இந்த அளவுக்கு இடம் விடச் சொல்லியிருக்கோம்."

அகிலாண்டம் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னாள்:

"இனிமே எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கூடாதாம். மொகமாவது தெரியட்டும்."