பாதிக் கிண்ணம்

"வலது பக்கம் திருப்புங்க" என்றாள் புருல்சா.

தொக்தோபெக் காரை ஓரங்கட்டினான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் மனைவி வழி சொன்னது இதுதான் முதல் தடவை.

பாலிக்சி ஊரில் சாலை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் போனால் இசிக்குல் ஏரியின் வடகரை. மணல், ராட்டினம், படகு, தொக்தோபெக்கின் சித்தி நடத்தும் விடுதி எல்லாம் அங்கே. வலது பக்கம் தென்கரை. அங்கே பெரிய ஏரியை ஒட்டி ஒரு குட்டி உப்பு ஏரி உண்டு. மரமும் கிடையாது, நிழலும் கிடையாது. கரை முழுக்கக் கறுப்புச் சேறு.

"அண்ணி, வருஷா வருஷம் சித்தி வீட்டுக்குத்தானே போறோம்? இப்ப உப்பு ஏரியில என்ன வேண்டுதல்?" என்றான் எர்மெக், தொக்தோபெக்கின் தம்பி.

அவன் பக்கத்தில் மேரிம். இரண்டு மாதத்துக்கு முன் கல்யாணமாகி வந்த சின்ன மருமகள். தலையில் துணி, மடியில் பெரிய பிளாஸ்க். வாயே திறக்கவில்லை.

"இவ மலைக்காட்டுப் பொண்ணு அண்ணி. ஏரியையே பார்த்ததில்ல. குளிக்கணும்னு ஆசையா நீச்சல் உடை வாங்கி வெச்சிருக்கா. அவளைக் கொண்டு போய்ச் சேத்துல தள்ளணுமா?"

"ஆமா" என்றாள் புருல்சா.

முன் சீட்டிலிருந்து மாமியார் உர்கியா திரும்பினாள்.

"அங்க சொந்தக்காரங்க பதினஞ்சு பேர் புது மருமகளைப் பார்க்கக் காத்திருக்காங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அத்தை. நாளைக்குப் பார்க்கட்டும். இன்னைக்கு உப்பு ஏரி."

"முடியாதுன்னா?"

"நான் இறங்கி மினிபஸ் பிடிச்சுப் போயிடுவேன். மேரிமையும் கூட்டிக்கிட்டுத்தான்."

பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அலற விட்டான். தொக்தோபெக் பதறிப்போய் வலது பக்கமே திருப்பிவிட்டான்.

"சின்னவ நாலு பேர் முன்னாடி சிரிச்சுக்கிட்டு நிக்கறது மூத்தவளுக்குப் பொறுக்கல" என்று மாமியார் முணுமுணுத்தாள். காதில் விழட்டும் என்றுதான் முணுமுணுத்தாள்.

பாலிக்சியில் வாங்கிய புகையில் வாட்டிய மீனை அதன் பிறகு யாரும் தொடவில்லை.

உப்பு ஏரி, சொன்னதைவிட மோசமாக இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. குடையை நட்டு, கம்பளத்தை விரித்து, மாமியார் உட்கார்ந்தாள். மகன்கள் இரண்டு பக்கமும் சாய்ந்தார்கள்.

"மேரிம், டீ ஊத்தும்மா."

எங்கள் பக்கம் டீ ஊற்றுவது மருமகளின் வேலை. கிண்ணத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். பாதிக் கிண்ணம் இரண்டு மடக்கில் காலியாகும். மறுபடி பாதி. மறுபடி காலி. அப்படியே பொழுது சாய்ந்துவிடும்.

மேரிம் நீச்சல் உடைக்கு மேல் நீளப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து மண்டியிட்டாள். ஏரியை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிளாஸ்க்கை எடுக்கக் கையை நீட்டினாள்.

சொத்!

இரண்டு கை நிறையச் சேற்றை அள்ளி வந்து, அவள் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை அப்பிவிட்டாள் புருல்சா.

"அடிப் பாவி! என்னடி பண்றே?" மாமியார் கத்தினாள்.

"உடம்புக்கு நல்லது அத்தை. இதுக்குத்தானே ஊரெல்லாம் இங்க வருது? அரை மணி நேரம் காயணும். அப்புறம் உப்புத் தண்ணியில ஊறணும். அப்புறம் மறுபடி பூசணும்."

"சேத்துக் கையோட டீ எப்படி ஊத்துவா?"

"ஊத்த முடியாதுதான்."

"அப்ப நீ ஊத்து!"

புருல்சா தன் கைகளைத் தூக்கிக் காட்டினாள். தோள்வரை கறுப்பு.

"உங்க பிள்ளைங்களுக்கு நாலு கை சும்மாத்தான் இருக்கு அத்தை."

தொக்தோபெக் எழுந்து பிளாஸ்க்கைத் திறந்தான். அம்மாவின் கிண்ணத்தில் விளிம்பு தளும்பத் தளும்ப ஊற்றி நீட்டினான்.

"டேய்! என்னைக் கிளம்பச் சொல்றியா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் எந்தக் காலத்துல டீ ஊத்தினேன்?"

எர்மெக் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டான். மாமியார் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள், சேறு காயக்கூடக் காத்திருக்காமல் புருல்சா, மேரிமின் பாவாடையையும் தலைத்துணியையும் உருவிக் கரையில் எறிந்துவிட்டு, கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துப் போயிருந்தாள்.

"அக்கா, முங்கவே முடியல! தூக்குது! என்னைத் தூக்குது!" மேரிம் மல்லாந்து மிதந்தபடி சின்னப் பிள்ளை மாதிரிக் கூவினாள். இரண்டு மாதத்தில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. சித்தி வீட்டுப் பக்கம் தண்ணி இதைவிட நல்லா இருக்கும்னு அவர் சொன்னார். அங்க ஏன் வேண்டாம்னீங்க?"

பக்கத்தில் மிதந்துகொண்டிருந்த புருல்சா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

"நல்லா இருக்கும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. பன்னிரண்டு வருஷமா அந்தக் கரைக்குப் போறேன். இன்னும் கால் நனைச்சதில்ல."