ஒன்பது மணிக்கு அணைந்த திரை

"வெலிச்கோ, தினமும் காலையில ஒன்பது மணிக்குக் கண்காணிப்புத் திரையை அணைக்கிறது நீங்கதானா?"

டைரக்டர் காமென் கேட்டதும் வெலிச்கோ எழுந்து நின்றார்.

"நான்தான் சார்."

"ஏன்?"

வெலிச்கோ மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

புளோவ்டிவ் நகரத்து மருந்துக் கடைகள் எல்லாம் அந்த ஆபீஸின் சர்வரை நம்பித்தான் இருந்தன. ஒரு மருந்துச் சீட்டைச் சரிபார்க்க சர்வருக்குள் ஒரு த்ரெட் வேண்டும், கவுண்டர் மாதிரி. இருப்பது ஐநூறு. ஐநூறும் மாட்டிக்கொண்டால் அடுத்த கடைக்காரர் வெளியே நிற்க வேண்டியதுதான். எத்தனை மிச்சம் என்று காட்டத்தான் அந்தத் திரை. புதிதாகச் சேர்ந்த ரலித்சா செய்தது. புகார் கொடுத்தவளும் அவள்தான்.

"நெரிசல் ஆரம்பிக்கிறதே ஒன்பதுக்குத்தான். அந்த நேரம் பார்த்து அணைச்சா என்ன அர்த்தம்?" என்றாள் ரலித்சா. "தூக்கம் முழிச்சு செஞ்சதுண்ணே. உங்களுக்குப் பொறாமையா?"

"பொறாமை இல்லம்மா."

"பின்னே? சோம்பேறித்தனம்!" என்றார் காமென். "சிவப்பு விளக்கு எரிஞ்சா எழுந்து ஓடணுமே. பனீத்சா ஆறிப்போயிடுமே!"

யாரோ சிரித்தார்கள். வெலிச்கோவின் மேஜையில், சீஸ் வைத்துச் சுட்ட பனீத்சா ரொட்டி பாதி கடித்தபடி இருந்தது.

"பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு சார். இந்த வயசுல வேற யாரும் எடுக்க மாட்டாங்க."

"அதை அணைக்கறப்போ யோசிச்சிருக்கணும். கிளம்புங்க."

வெலிச்கோ ரலித்சாவை ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வேலை நாள் திங்கட்கிழமை. வயதானவர்கள் மருந்து வாங்க வரும் நாள். திரையை யாரும் அணைக்கவில்லை.

ஒன்பதரைக்கு சர்வர் நின்றது. போன்கள் அலறின. ஒரு கடைக்காரர் கத்தினார்.

"இந்தக் குளிர்ல கிழவிங்க தெரு வரைக்கும் நிக்கிறாங்க. இன்சுலின் குடுக்க முடியல. என்னய்யா பண்றீங்க அங்க?"

எல்லா த்ரெட்டும் மாட்டிக்கொண்டாலும், நிர்வாகிக்கென்று ஒரே ஒரு தனி வழி உண்டு. ரலித்சா அதன் வழியாக உள்ளே போய், எந்த த்ரெட்டை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாள்.

கடைகளுடையது நூற்றுச் சொச்சம். மீதி அத்தனையும் அவளுடைய திரை.

ஐந்து விநாடிக்கு ஒருமுறை, எண்ணிவிட்டு வர ஓர் ஆளை உள்ளே அனுப்புவதுபோல அதை எழுதியிருந்தாள். நெரிசலில் போன ஆள் ஒரு த்ரெட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பவில்லை. அதற்குள் அடுத்த ஆள். கூட்டத்தை எண்ணப் போனவர்களே கூட்டமாகி வாசலை அடைத்திருந்தார்கள்.

வெலிச்கோவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே... இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. முதல்ல அதை அணை. பாவம், கிழவிங்க நிக்கிறாங்க."

அணைத்தாள். சர்வர் மூச்சு விட்டது.

"ஏண்ணே அன்னைக்கே சொல்லல?"

"திருத்தணும்னா டைரக்டர் கையெழுத்து வேணும். யார் பண்ணின தப்புன்னு கேப்பாரு. போன கம்பெனியில சோதனைக் காலத்திலேயே நிறுத்திட்டாங்கன்னு அழுதியே. கைக்குழந்தைக்காரி. ஒண்ணாந்தேதி உனக்கு வேலை நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்." வெலிச்கோ இருமினார். "உன்கிட்ட சொன்னா நீ நேரா அவர்கிட்ட போய் ஒத்துக்குவே. நேர்மையான பொண்ணு."

கதவு திறந்தது. கையில் ஒரு தாளோடு காமென்.

"சபாஷ்! பத்தே நிமிஷத்துல சரி பண்ணிட்டியே. அந்தக் கிழவன் இருந்திருந்தா இன்னும் மென்னுக்கிட்டு இருந்திருப்பான். இந்தா, நிரந்தர உத்தரவு. ஒண்ணாந்தேதி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? கையெழுத்துப் போடு. ஆமா, என்ன கோளாறு?"

போன் இன்னும் அவள் காதோரம்தான் இருந்தது.

"வெலிச்கோ ஏதோ பண்ணி வெச்சிட்டுப் போயிருக்கார் சார்," என்றபடி ரலித்சா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

மறுமுனையில் வெலிச்கோ, சத்தம் கேட்டுவிடாமல் போனை வைத்தார்.