பாப்பாத்தியக்காவின் செருப்பு

டிரைவர் வேணு அண்ணன் ஹாரன் அடித்தார். யமுனாவைக் காணவில்லை.

பிரசவ லீவு முடிந்து இன்றுதான் அவளுக்கு முதல் நாள். முன்பு சாயங்கால ஷிஃப்டில் இருந்தவள், இந்தக் காலை வண்டிக்குப் புதுசு. முதல் நாளே இப்படி.

விஜயபுரத்தில் கம்பெனி பஸ் இரண்டு நிமிஷம்தான் நிற்கும். இதை விட்டால் ஏழரை மணிக்குள் ஸ்ரீ சிட்டி ஃபேக்டரிக்குப் போய்ச் சேர வேறு வழி கிடையாது. வராதவளின் இடத்தில் இன்னொருத்தியை உட்கார வைக்க காண்டிராக்டருக்கு அரை நாள் போதும். இதெல்லாம் யமுனாவுக்குத் தெரியாதா?

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல்தான் கொஞ்சம் கூட.

ஊரில் இவள் ஒருத்திதான் பிள்ளை பெற்றாளா? நானும்தான் பெற்றேன். என் மகள் சரியாக பஸ் வரும் நேரத்துக்குத்தான் கண் முழிப்பாள். முழித்ததும் பால் வேண்டும். பாதியில் எடுத்தால் தெருவே கூடிவிடும். அவள் குடித்து முடித்ததும் மாமியார் கையில் கொடுத்துவிட்டு, முடியை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடி வருவேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் பஸ்ஸை விட்டிருப்பேனா?

டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா என்று அப்போது பின்சீட் பாப்பாத்தியக்கா கேட்டாள். எனக்காக யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். நான் அப்படித்தான்.

என் நேரமும் நல்ல நேரம். நான் மூச்சிரைக்க வந்து பார்த்தால், தினமும் எவளாவது ஒருத்தி பஸ்ஸை நிறுத்தி வைத்திருப்பாள். படியில் ஒரு கால் இருந்தால் வேணு அண்ணன் வண்டியை எடுக்க மாட்டார். அப்படிக் காலை வைத்துக்கொண்டு இவர்கள் அடிக்கும் கூத்து இருக்கிறதே! ஒருத்தி ஐடி கார்டைப் பைக்குள் தேடுவாள். இன்னொருத்தி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டேன், வீட்டுக்காரர் எடுத்து வருகிறார் என்பாள். வாரத்தில் இரண்டு நாள் பாப்பாத்தியக்காவின் செருப்பு அறுந்திருக்கும்.

ஒருநாள் அவளைக் கேட்டே விட்டேன்.

"இன்னாக்கா, வூட்லயே பாத்துப் போட்டுக்கினு வரக்கூடாதா?"

"வயசாவுது இல்ல" என்று சிரித்தாள்.

பக்கத்து சீட் வள்ளியம்மாள் வேறு ரகம். வாரத்தில் மூன்று நாள் பூண்டு தட்டிப் போட்டு முருங்கைக்கீரை செய்துகொண்டு வருவாள். கேன்டீனில் டப்பாவைத் திறந்ததும் தனக்குக் கீரையே பிடிக்காது என்று முகத்தைச் சுளித்து என் பக்கம் தள்ளுவாள். பிடிக்காத கீரையை எதற்கு விடியற்காலையில் உட்கார்ந்து ஆய வேண்டும்? அறிவு கெட்டவள் என்று நினைத்துக்கொண்டே ஒரு இலை விடாமல் சாப்பிடுவேன்.

தினமும் எனக்கு பஸ்ஸைப் பிடித்துக் கொடுத்தது ஏழுமலையான்தான். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. வேண்டிக்கொண்டபடி போன மாதம் திருமலைக்குப் போய் மகளுக்கு முடி இறக்கிவிட்டு வந்தோம். இப்போது அவள் பால் மறந்து கேழ்வரகுக் கூழ் குடிக்கிறாள். நான் முதல் ஆளாக வந்து ஜன்னலோரம் பிடிக்கிறேன். ஆச்சரியம், மற்றவர்களும் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். பாப்பாத்தியக்காவின் செருப்புகூட இந்த ஒரு மாதமாக அறுவதில்லை.

வேணு அண்ணன் இரண்டாம் ஹாரன் அடித்துவிட்டு கியரைப் போட்டார். தெருவில் ஆள் இல்லை.

பின்சீட்டிலிருந்து பாப்பாத்தியக்கா என் தோளைத் தட்டினாள்.

"ரூபா, உன் செருப்பு அந்துபோய்கீது பாரு. எறங்கி சரி பண்ணு."

குனிந்து பார்த்தேன். போன வாரம் நகரியில் வாங்கிய செருப்பு. வார் கல்லு மாதிரி இருந்தது. இல்லையே அக்கா என்று சொல்வதற்காகத் திரும்பினேன்.

அவள் என் செருப்பைப் பார்க்கவே இல்லை. யமுனாவின் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வள்ளியம்மாளின் மடியில் இன்று இரண்டு டப்பா இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எத்தனை மாதம்! பெருமாளுக்கு நன்றி சொன்ன வாயாலேயே இவர்களைத் திட்டியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது. இரண்டுக்கும் இப்போது நேரமில்லை.

"அண்ணா, நில்லுண்ணா!"

கத்திக்கொண்டே இறங்கினேன். ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு மறுகால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். அறுந்திருந்தால்தானே சரி செய்ய! வாரை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தேன். வேணு அண்ணன் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

தெருமுனையில் யமுனா தெரிந்தாள். துப்பட்டா ஒரு பக்கம், பை ஒரு பக்கமாக ஓடி வந்தாள். கிட்டே வந்ததும் சட்டையின் முன்பக்க ஈரத்தைப் பையால் மறைத்துக்கொண்டாள். நான் தலையை நிமிர்த்தவில்லை.

அவள் என்னைத் தாண்டிப் படியேறினாள். ஏறியவள் நின்று, மூச்சு வாங்க, என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

"இன்னாக்கா நீ, வூட்லயே பாத்துப் போட்டுக்கினு வரக்கூடாதா?"

பஸ்ஸுக்குள் பாப்பாத்தியக்கா இருமுவது போல் சிரிப்பை அடக்கினாள்.

"வயசாவுது இல்ல" என்றேன். எனக்கு இன்னும் இருபத்தாறு முடியவில்லை.