நிமிர்த்தி வைக்கவும்

"டிரைவர், இந்த பெல்ட்டைத் தொட்டுப் பாருங்க. தொளதொளன்னு இருக்கு. இப்படியே வண்டி வெளியே போகாது."

கிடங்கு வாசலில் வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி இப்படிச் சொன்னதும் லோடுமேனுக்குச் சுர்ரென்று ஏறியது. தீயணைப்பான் சிலிண்டர்களை வேனில் அடுக்கி, குறுக்கே பெல்ட் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கியவர் அவர்தான்.

"மேடம், கல்லு மாதிரி கட்டினேன். அது எப்படித் தானா தளரும்?"

"விதிப்படி நான் டிரைவர்கிட்டதான் பேசணும். அவர்தான் வாயால பதில் சொல்லணும்," என்றாள் அவள், லோடுமேன் பக்கம் திரும்பாமலே.

டிரைவர் முன்னால் வந்து நின்றான். "சொல்லுங்க மேடம்."

"சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்கணும். படுக்க வைக்கக் கூடாது, உருட்டக் கூடாது. சேஃப்டி பின்னும் சீலும் இருக்கிற இடத்துல இருக்கணும். உள்ளே அழுத்தி அடைச்சு வெச்ச பொருள் இது. வளைவுல சாஞ்சு விழுந்து வால்வு ஒடிஞ்சா, சுவரையே பொத்துக்கிட்டுப் போகும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம். அந்த வால்வு விஷயம் மட்டும் இன்னொரு தடவை..."

முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் இன்னொரு தடவை சொன்னாள். பாட்டுக் கேட்கிறவனைப் போல அவன் கேட்டுக்கொண்டு நின்றான். வாசல் கம்பியில் சாய்ந்திருந்த காவலாளி வாய்க்குள் சிரித்தார்.

"இதுல என்னய்யா சிரிப்பு?" லோடுமேன் அவர்மேல் பாய்ந்தார். "நான் இங்க வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து பாக்குறேன். அந்தம்மா கண்ணுக்கு எங்க வண்டியிலதான் குத்தம் தெரியுது."

"ரெண்டு பேரும் அழுத்தக்காரங்க அண்ணே. நடுவுல நீங்க ஏன் தலையைக் கொடுக்குறீங்க?"

அதற்குள் மேலாளர் வெளியே வந்துவிட்டார். "இந்தா டிரைவர், நாளைக்கும் வாசல்ல குறைன்னு வண்டி நின்னுச்சு, உன்னை வெளியூர் கிடங்குக்குத் தூக்கியடிச்சிடுவேன். அப்புறம் இந்த வாசல் பக்கமே நீ வர முடியாது. சொல்லிட்டேன்."

டிரைவரின் முகம் வெளுத்துப்போனது.

பெல்ட்டை மறுபடி இறுக்கிக் கிளம்பியபோது, அவன் சாலையைவிடப் பக்கவாட்டுக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தான். அதில் வாசலும் அவளும் சிறுத்துக்கொண்டே போனார்கள்.

"வெளியூர்னா நிம்மதியாப் போயிடு தம்பி. இந்தம்மா மூஞ்சியைப் பாக்க வேண்டாம்ல?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோடுமேன்.

"அதுதான் அண்ணே முடியாது."

லோடுமேன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அடப்பாவி, கதை அப்படிப் போகுதா! தம்பி, வம்பை விலைக்கு வாங்காதே. அவங்க கல்யாணம் ஆனவங்க."

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சுமா?" என்று கேட்டவர், அதற்குமேல் அவனோடு பேசப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் டிரைவர் யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு பெல்ட்டையும் தானே இறுக்கினான். லோடுமேன் சிலிண்டர்களை ஆட்டிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. "பலே! இன்னைக்கு அந்தம்மா என்ன குத்தம் சொல்லுதுன்னு பாத்துடலாம்."

அவன் சிரிக்கவில்லை. எதையோ கைநழுவ விட்டவன்போல நின்றான்.

அவள் வந்தாள். பெல்ட்டை இழுத்துப் பார்த்து, "சரி" என்றாள். பின்னையும் சீலையும் தடவிப் பார்த்தாள். "சரி." அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள். "சரி."

"வேற ஒண்ணும் இல்லையா மேடம்?"

"இல்ல. போகலாம்."

"வால்வு பத்தி எதாவது..."

"எல்லாம் சரியா இருக்கு." அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

அவன் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்தான். "கிளம்பு தம்பி, பொழைச்சோம்!" என்று லோடுமேன் தட்டிக்கொடுத்த பிறகுதான் எஞ்சின் உறுமியது.

கதவை யாரோ தட்டினார்கள். அவள்தான்.

"நிறுத்துங்க. அது என்ன?"

ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த காகிதப் பொட்டலத்தை அவள் விரல் காட்டியது.

"மதியச் சாப்பாடு மேடம். கடையில வாங்கினது."

"இந்த வண்டியில கடைப் பொட்டலம் ஏத்தக் கூடாது."

லோடுமேனுக்குப் பொறுக்கவில்லை. "இது எந்த விதியில வருது மேடம்? வேலைக்கு உலை வைக்கிறதுக்குன்னே வந்தீங்களா?"

அவள் ஜன்னல் வழியே கையை நீட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். அது இருந்த இடத்தில் மூடி இறுக்கிய ஒரு டிபன் பாக்ஸை வைத்தாள். அதன் சூட்டில் எதிர்க் கண்ணாடி லேசாகப் பனித்தது.

"இதை நிமிர்த்தித்தான் வைக்கணும். படுக்க வைக்கக் கூடாது. வளைவுல சாஞ்சா கொட்டிடும். புரிஞ்சுதா?"

அவன் தலையாட்டினான்.

"வாயால பதில் சொல்லணும்."

"பு... புரிஞ்சுது."

வாசல் திறந்தது. வண்டி சாலையில் ஏறியதும் அவன் டிபன் பாக்ஸை எடுத்து லோடுமேனின் மடியில் வைத்தான். "நிமிர்த்திப் பிடிச்சுக்கோங்க அண்ணே."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாலும் லோடுமேனுக்குக் குழப்பம் தீரவில்லை. "தம்பி, அவங்க கல்யாணம் ஆனவங்கன்னு நேத்தே சொன்னேனே..."

"ஆமா அண்ணே, என்னைத்தான் கட்டியிருக்கா." அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வீட்டுல யாரு முதல்ல பேசுறதுன்னு ரெண்டு பேருக்கும் வீம்பு. இந்த வாசல்லதான் அவ குரலையே கேக்க முடியும். அதுக்காகத்தான் நீங்க இறுக்கிக் கட்டுற பெல்ட்டை தினமும் நான் தளர்த்திவிட்டேன்."