பட்டாளத்துப் பூட்டன்

"இடது தோள்ல குண்டுக் காயம். அந்தக் காயத்தோடவே மூணு பேரை முதுகுல தூக்கிட்டு வந்திருக்காரு" என்று ஆவணக் காப்பகத்துப் பெண் படித்ததும், கேப்டனின் மீசை இரண்டு விரற்கடை உயர்ந்தது.

"கேட்டியாய்யா சம்பந்தி? எங்க பூட்டன்!" என்று பக்கத்தில் நின்ற மூட்டைக்காரரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

இருபது வருஷமாக அவருடைய குடோனில் மூட்டை சுமந்த முதுகு அது. தட்டு பழகிவிட்டது. சம்பந்தி என்ற வார்த்தைதான் இன்னும் பழகவில்லை.

"தோள்ல காயத்தோட தூக்கறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க முதலாளி. நமக்குத் தெரியும்."

"அட போய்யா. நீ தூக்கறது அரிசி மூட்டை. அவர் தூக்கினது ஆம்பளைங்களை!"

கேப்டன் பட்டாளத்து வாசலைக்கூட மிதித்தவர் இல்லை. மீசையும், முதல் உலக யுத்தத்துக்குப் போன பூட்டனைப் பற்றி ஓயாமல் அளந்த அளப்பும் வாங்கிக்கொடுத்த பெயர் அது. மகனின் கல்யாணப் பத்திரிகையில் பூட்டனின் வீரத்தைக் கொட்டை எழுத்தில் போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"வாயால சொன்னா யார் நம்புவா மாமா? காப்பகத்துல பழைய ஏடு இருக்கும். பார்த்துட்டுப் போடலாமே" என்று வழி சொன்னதே மூட்டைக்காரரின் மகள்தான்.

மூட்டைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பையன் குடித்துவிட்டு லோடு இறக்குகிறவர்களைச் செருப்பால் அடிக்கிறவன், அவன் வேண்டவே வேண்டாம் என்று ஒரு மாதமாக அப்பாவிடம் முகம் கொடுக்காமல் இருந்தவள் அவள். ஊரில் வேறு யாரும் அவனுக்குப் பெண் கொடுக்கவில்லை என்பது குடோனில் எல்லாருக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனாலும் "முதலாளிக்கு வாக்குக் குடுத்துட்டேன், எனக்கு ரெண்டு நாக்கு கிடையாது" என்று சொல்லிவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தார். இப்போது அவள் வாயிலிருந்தே 'மாமா' வந்துவிட்டது.

மகளையும் கூட்டிக்கொண்டு இவர்கள் வந்தபோதே ஏடு எடுத்து மேஜை மேல் வைக்கப்பட்டிருந்தது. கரையான் தின்று சல்லடையாகியிருந்தது. தப்பிப் பிழைத்த வரிகளும் கோழி கிளறின மாதிரி கையெழுத்து. ஆனாலும் காப்பகத்துப் பெண் ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் கடகடவென்று படித்துக்கொண்டே போனாள். படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று மூட்டைக்காரர் வியந்துகொண்டார்.

"அடுத்தது வாரிசுங்க..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "இதையும் படிக்கவா சார்?"

"படிம்மா. நம்ம வீட்ல ஒளிச்சு மறைக்க என்ன இருக்கு?"

"முதல் சம்சாரம், ஒரு பையன். ரெண்டாவது சம்சாரம், ஒரு பையன்."

மீசை பழைய இடத்துக்கு இறங்கியது. "ரெண்டாவதா?"

"கல்குவாரியில ஜல்லி உடைச்சவங்களாம். பையனுக்கு அடையாளம்கூட எழுதியிருக்கு. வலது கையில ஆறு விரல்."

மூட்டைக்காரர் ஓரடி முன்னால் வந்தார். "ஐயோ, அது எங்க தாத்தாங்க, எங்கப்பாவைப் பெத்தவரு! குவாரியில அவரை ஆறுவிரலான்னுதான் கூப்பிடுவாங்க. அப்பன் யாருன்னே தெரியாம வளர்ந்த மனுசன்..."

கேப்டனுக்குத்தான் முதலில் உறைத்தது. இருவருக்கும் ஒரே பூட்டன், அதுவும் ஆண்வழியில். அப்படியென்றால் எதிரே நிற்பவர் சம்பந்தி இல்லை, பங்காளி. பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை.

"நல்லாப் பாரும்மா. வேற யாராவது இருக்கப் போகுது."

"நீங்களே பாருங்க சார். பட்டாளத்துக் காகிதமெல்லாம் கரைச்சுக் குடிச்சவன்னு வரும்போதே சொன்னீங்களே" என்று அவள் ஏட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

கேப்டன் குனிந்தார். மூக்குக் கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது. பக்கத்தை மேலும் கீழும் பார்த்துத் தலையை ஆட்டினார். "ம்... அப்படித்தான் போட்டிருக்கு."

மூட்டைக்காரரை ஓரமாக இழுத்துப்போனார். "இந்தாய்யா, கல்யாணம் நின்னுபோச்சு. நானே நிறுத்தினதா இருக்கட்டும். ஆனா அந்த ரெண்டாவது விஷயம் மட்டும் உன் வாயிலேர்ந்து வெளியே வந்துது..."

"வராதுங்க முதலாளி" என்றவர், ஒரு நிமிஷம் யோசித்துத் திருத்திக்கொண்டார். "வராதுண்ணே."

அந்த 'அண்ணே' காதில் விழுந்ததுதான் தாமதம், கேப்டன் படிகளைத் தாவித் தாவி இறங்கிப் போய்விட்டார்.

மூட்டைக்காரர் மகள் பக்கம் திரும்பினார். "பார்த்துக்க, நான் வாக்குத் தவறலை. அவராத்தான் வேணாம்னாரு." சொல்லும்போதே முகத்தில் ஒரு மாதமாக ஏறியிருந்த சுமை இறங்கிவிட்டது. அடுத்த நொடி கண் கலங்கிவிட்டது.

"எங்க தாத்தா சாகிற வரைக்கும் அப்பன் பேர் தெரியாதவன்னு பேச்சு வாங்கினாரும்மா. கடைசியில பட்டாளத்துக்காரர் பெத்த பிள்ளை!" தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பகத்துப் பெண்ணிடம் போனார். "அம்மாடி, அந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு. பெருசா கண்ணாடி போட்டு வாசலுக்கு நேரா மாட்டணும். வர்றவன் போறவனெல்லாம் படிக்கணும்."

அந்தப் பெண் மகளைப் பார்த்தாள். மகள் கூரையைப் பார்த்தாள். விழாத பேனாவை எடுக்க அந்தப் பெண் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"வேணாம்ப்பா" என்றாள் மகள். "அது குதிரைக்கு லாடம் அடிச்ச கணக்கு."