மூன்று விரல் இடைவெளி

ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பிரிவில், சிகிச்சையின்போது தலை அசையாமலிருக்க நோயாளிக்கு மாட்டும் முகமூடிக்கு அச்செடுப்பது அவள் வேலை. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை நோயாளியின் தலையிலிருந்து கழுத்துவரை போர்த்தி அழுத்தினால் போதும். நெற்றி, மூக்கு, தாடை, தொண்டையில் துருத்தும் குரல்வளை மேடு எல்லாம் ஐந்தே நிமிடத்தில் அப்படியே பதிந்து இறுகிவிடும். அதுவரை பேசக் கூடாது. பேசினால் அந்த மேடு மேலே ஏறி அச்சு கெட்டுவிடும்.

தொண்டையில் புற்று வந்த கணவருக்கும் அவளேதான் எடுத்தாள். பாதியில் அவர் வலைக்குள்ளிருந்து, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று முனகினார்.

"உஷ்! பேசாதீங்க. அப்புறம் சொல்லலாம்."

வீட்டில் வாய் ஓயாத மனுஷர், அன்று சொன்ன பேச்சைக் கேட்டார். சாயங்காலம் கேட்டதற்கு, "மறந்தே போச்சு," என்று சிரித்தார். அடுத்த மாதம் குரல் போனது. பிறகு அவரும் போனார்.

அவருடைய முகமூடியை வேலை செய்யும் அறையிலேயே அலமாரியில் வைத்திருந்தாள். மோவாய்க்கும் குரல்வளை மேட்டுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. தினமும் காலையில் விரல் வைத்துப் பார்ப்பாள். ஒரு திங்களன்று மேடு மேலே ஏறி, இரண்டு விரல்தான் இருந்தது. புதனன்று ஒன்று. வெள்ளிக்கிழமை சுண்டுவிரல்கூட நுழையவில்லை.

"சொல்லுங்க," என்றாள். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அதற்குள் முதல் நோயாளி வந்துவிட்டார். வலையைப் போர்த்தியதும் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேசாதீங்க. அப்புறம் சொல்லலாம்," என்றாள், பழக்கதோஷத்தில்.

சட்டென்று அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்டு, மேடு மெல்ல இறங்கி, மூன்று விரலில் வந்து நின்றது.