பாதியில் மடித்த கடிதம்

உறுப்பினர் எழுந்து நின்றதும் அவள் பென்சில் முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நாடாளுமன்றத்தின் நடுவே, அவைத்தலைவரின் மேடைக்குக் கீழே, சுருக்கெழுத்தாளரின் மேசை. ஆளுக்குப் பத்து நிமிடம். பிறகு அடுத்தவர் வந்து அமர்வார்.

இந்தப் பத்து நிமிடம் அவளுடையது அன்று. சின்னவளிடம் கேட்டு மாற்றிக்கொண்டது.

"மணியடிச்சான் பேச்சை எழுதவா இவ்வளவு கெஞ்சுறீங்க? தலைவலிதான் மிச்சம்க்கா" என்று சிரித்திருந்தாள், அந்தப் பிரிவிலேயே இளையவளான சின்னவள். தலைவரின் மணி அடிக்காமல் அந்த உறுப்பினர் ஒருநாளும் அமர்ந்ததில்லை. அதனால் வந்த பெயர்.

பட்டியலில் அவருக்கு நேரே இரண்டு பொருள்கள்: எரிபொருள் விலை, கருக்கலைப்புச் சட்டம்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே. இரண்டாவது பொருள் அவைக்குறிப்பில் ஏறவேண்டும். ஏறிவிட்டால் அமைச்சர் எழுத்தில் விடை சொல்லியாக வேண்டும். ஏறாவிட்டால் அப்படி ஒன்று நிகழவே இல்லை.

உறுப்பினர் தொடங்கினார். ஓராண்டில் டீசல் விலை நான்குமுறை ஏறியதையும், மலையடி ஊர்களுக்கு நாள்தோறும் சென்ற பேருந்து வாரம் ஒருமுறையாகச் சுருங்கியதையும் சொன்னார். மேசைகள் தட்டப்பட்டன. அவள் கை எழுதிச் சென்றது.

கேட்டதைக் கையில் இறக்கிவிட்டு நெஞ்சை வெறுமையாக வைத்திருப்பது பத்தொன்பது ஆண்டுத் தவம். இன்று அந்த வெறுமைக்கு முயற்சியே தேவைப்படவில்லை.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கையொப்பம் இல்லாத கடிதம். ஒரு தாய் தன் மகளைப் பற்றி எழுதியது என்றார்.

மலையடி ஊரில் ஒரு பெண். கருவிலிருப்பது பிழைக்காது, வைத்திருந்தால் சுமப்பவளுக்கும் ஆபத்து என்று மருத்துவரே சொல்லிவிட்டார். ஆனால் சட்டம் இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலைக் கேட்கிறது. இருபது வாரத்துக்குள் கேட்கிறது. இரண்டாம் மருத்துவர் அடுத்த நகரத்தில். பேருந்துக்காக ஐந்து நாள் காத்திருந்து போய்ச் சேர்ந்தபோது, இருபது வாரமும் இரண்டு நாளும் ஆகியிருந்தன.

மணி அடித்தது.

எரிபொருளிலேயே நேரம் முடிந்துவிட்டது, சட்டத்தைப் பற்றி வேறொரு நாளில் பேசலாம் என்றார் தலைவர். ஒலிவாங்கி அணைந்தது. இனி எதுவும் பதிவாகாது என்று அறிவித்தார்.

அந்தச் சொல் விழுந்த கணமே சுருக்கெழுத்தாளர் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். அதுவே விதி.

இருபுறமும் கூச்சல். உறுப்பினர் உதடு அசைய ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பாதியில் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அமர்ந்தார்.

பத்து நிமிடம் முடிந்தது. அவள் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்த பின்னரே தட்டச்சுக்குப் போகும். சின்னவள் குறிப்பேட்டை இழுத்துக்கொண்டாள்.

"மணி அடிச்சப்புறமும் எழுதியிருக்கீங்களே. அதுவும் ரெண்டு பக்கம்! தூங்கிட்டீங்களாக்கா?"



சின்னவளின் விரல் வரிவரியாக இறங்கியது. முகத்திலிருந்த சிரிப்பும் கூடவே இறங்கியது.

"அவரு பாதியிலயே மடிச்சு வச்சிட்டாரு. நான் கதவுகிட்ட நின்னு பார்த்தேன். மிச்சம் உங்களுக்கு எப்படி..."

சொல்லி முடிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"போன மாசம் பல்வலின்னு நாலு நாள் லீவு போட்டீங்களே. அப்பவா?"

"ம்."

"இங்க வேலை பார்க்கிற நாம உறுப்பினருக்குக் கடிதம் எழுதினது தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்கக்கா. இத மேல அனுப்ப முடியாது."

"தெரியும்."

அவள் அடிக்கோலை எடுத்து முதல் வரியின்மேல் வைத்தாள். நேராக ஒரு கோடு. அடுத்த வரி. அடுத்தது. நகரத்து மருத்துவமனையின் வாசற்படி போயிற்று. திரும்பி வந்த இரவுக் காய்ச்சல் போயிற்று. மகளின் மூச்சு நின்ற பதினோராம் நாள் போயிற்று. பிறர் பேச்சைத் திருத்துவதுபோல் ஒழுங்காகவே நடந்தது.

கடைசி வரியில் கோல் நின்றது.

'எடுத்துப் போகுமுன் அவளுக்கு நான்தான் தலை வாரிவிட்டேன். சிக்கு இருந்தது, வலிக்காமல் எடுத்தேன்.'

அவள் கோலையும் பென்சிலையும் மேசையின் மறுபக்கம் நகர்த்தினாள்.

"இத மட்டும் நீ கோடு போட்டு அடிச்சிடும்மா."